சாவியை உன்னிடமே கொடுத்தான்

பிள்ளை,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கையைப் பிடித்து ரமணனின் கையில் கொடுப்பதாக இருந்தேன். அதற்கென்று புது வேட்டியும் சால்வையும் வாங்கி வைத்தாயிற்று. போன கிழமை சாப்பாட்டு மேசையில், பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு நீ சொன்னாய்: "அப்பா, கோவிக்காதேங்கோ. எல்லாம் செய்வம். தாரை வார்க்கிறது மட்டும் வேண்டாம். என்னை ஒராள் இன்னொராளுக்குக் குடுக்கிறதெண்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கு." நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன். வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டபடி நின்றேனாம், அம்மா சொல்கிறாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் வந்தது, அதைவிடக் கவலை வந்தது. பெண்ணைப் பெற்றவனுக்குக் கலியாண வீட்டில் உருப்படியாக உள்ள வேலை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் பெண்களும் ஐயரும் வீடியோக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். தகப்பன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, அத்தோடு பிள்ளை மற்ற வீட்டுக்காரி. அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் சபை அவனைத் திரும்பிப் பார்க்கும். அதை நீ வேண்டாம் என்கிறாய். நேரில் கதைத்தால் என் குரல் உயரும், உன் முகம் சுருங்கும், அம்மா நடுவில் வந்து தேத்தண்ணீர் வைப்பாள், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். வேலையிடத்தில் செக்கியூரிட்டி மேசையில் இருந்து எழுதுகிறேன். பகல் நேரத்தில் இந்தக் கட்டடத்துக்குள் தபால்காரனையும் பீட்சாக்காரனையும் தவிர யாரும் வருவதில்லை.

உன் கையை நான் ஏற்கெனவே ஒருவனிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது இங்கே ஸ்காபரோவில் நம் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. நமக்கு மூன்று பேருக்கும்தான் தெரியும். ஒஹாயோவில் உன் கொலிஜ் விடுதியில் இருந்த எரிக்குக்குத் தெரியும். அந்தக் கதையை நீ சிநேகிதிகளுக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பாய். சிரிக்கத்தக்க கதைதான். ஆனால் நீ காட்டுவது உன் பக்கத்திலிருந்து பார்த்தது. என் பக்கத்தையும் ஒரு தடவை கேள்.

உன் பள்ளிக்கூடத்தில் ஆலோசனை சொல்கிற அந்த மனிசி ஒஹாயோவில் இருக்கிற ஒரு சின்னக் கொலிஜின் படப்புத்தகத்தை உன்னிடம் தந்து, விண்ணப்பி, படிப்புச் செலவில் பெரும் பகுதியை அவர்களே தருவார்கள் என்று சொன்னபோது, நம் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் யூனிவர்சிட்டி இருக்க, பெண் பிள்ளையை அமெரிக்காவில் சோளக்காட்டுக்கு நடுவில் கொண்டுபோய் விடுவதா என்று கேட்டார்கள். நான் சம்மதித்தேன். அதைப் பார்த்து நீ என்னை முற்போக்கான மனிதன் என்று நினைத்தாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த எண்ணமே இல்லை. படப்புத்தகத்தில் செங்கல்லால் கட்டிய மூன்று மாடி விடுதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் பொறுப்பாக ஒருவர் தங்கியிருப்பார் என்று கீழே போட்டிருந்தது. எனக்கு அது போதும். பஸ்ஸில் போய் வருகிற பெண் எங்கே இறங்கினாள், எங்கே ஏறினாள் என்று யாருக்குத் தெரியும்? விடுதி என்றால் மதில் இருக்கும், வாசல் கேற் இருக்கும், மணி அடிக்கும், தலை எண்ணுவார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஹொஸ்டல் அண்ணை, ஹொஸ்டல். வீட்டைவிடக் காவல்."

நான் அப்படி நினைத்ததில் பிழையில்லை. ஊரில் எனக்கு அதுதானே வேலை. பகலில் கணக்குப் படிப்பித்தேன், மற்ற நேரமெல்லாம் பாடசாலை விடுதிக்குப் பொறுப்பான வோடனாக இருந்தேன். தை மாதம் விடுதி திறக்கும்போது தீவுப் பக்கமிருந்தும் வன்னியிலிருந்தும் தகப்பன்மார் வருவார்கள். ஒரு கையில் வாழைக்குலை, மறு கையில் பிள்ளை. பிள்ளையின் கையைத் தூக்கி என் கைக்குள் வைத்து, "மாஸ்டர், இனி இவன் உங்கட பிள்ளை. கண் ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை நீங்கள் என்னவும் செய்யுங்கோ" என்பார்கள். நான் வாங்கிக்கொள்வேன், பிள்ளையையும் வாழைக்குலையையும். அது எழுதாத சட்டம். கொடுத்தவர் நிம்மதியாகப் பஸ் ஏறுவார். வாங்கியவனுக்கு அன்றிலிருந்து நித்திரை குறைவு.

ஆகவே உன்னைக் கொண்டுபோய் விடப் போனபோது நானும் முறைப்படிதான் போனேன். கொரோலாவின் பின் சீட்டில் உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ரைஸ் குக்கர், ஹோர்லிக்ஸ் போத்தல்களில் மிளகாய்த்தூள், உன் தலையணை. முன் சீட்டில், பெல்ட் போட்டு, வோடனுக்கான தட்டு. அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், பயித்தம் பணியாரம், முறுக்கு. அமெரிக்காவுக்குள் போகிற வின்சர் எல்லையில் அந்த அதிகாரி குனிந்து பார்த்து, பெல்ட் போட்டிருப்பது யார் என்று கேட்டான். நீ முகத்தைப் பொத்திக்கொண்டாய்.

கொலிஜடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் காரை நிறுத்த இடம் தேடவில்லை, கேற்றைத்தான் தேடினேன். கேற் இல்லை. மதிலும் இல்லை. ஒரு தெரு, அதன் இரு பக்கமும் பெரிய மரங்கள், புல், புல்லுக்கு நடுவில் கட்டடங்கள். ஊர் எங்கே முடிகிறது, கொலிஜ் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஒரு கம்பி வேலி கூட இல்லை. ஒரு கிழவர் நாயோடு நடுவால் நடந்து போனார். விடுதி வாசற் கதவுக்கு ஒரு செங்கல்லை முண்டு கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். சாமான் ஏற்றுவதற்காக என்று நீ சொன்னாய். நான் அந்தச் செங்கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

இரண்டாம் மாடிக்குப் பொறுப்பானவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். வந்தவன் உன்னைவிட இரண்டு வயது கூடினவனாக இருந்தால் அதிகம். அரைக் காற்சட்டை, வெறுங்கால், ஒரு காதில் கடுக்கன், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டடத்துக்குப் பின்னால் நீச்சல் குளம் இருக்கிறதாம், அதிலிருந்து வருகிறானாம். பெயர் எரிக். மூன்றாம் வருட மாணவன். நான் இவனுடைய தகப்பனையோ பெரியவரையோ எதிர்பார்த்துப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அம்மா என் காதுக்குள் சொன்னாள்: "உவன் வோடன் இல்லையப்பா. உவனுக்கே ஒரு வோடன் வேணும்."

கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டேன். எந்தக் கேற் என்றான். மாலையில் தலை எண்ணுவது யார் என்றேன். அவன் உன்னைப் பார்த்தான், நீ நிலத்தைப் பார்த்தாய். ஆண்கள் எந்தக் கட்டடத்தில் என்று கேட்டேன். மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் என்றான், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. திரும்பிக் காரில் ஏறியிருக்கலாம். ஆனால் இத்தனை தூரம் வந்தாயிற்று, தட்டும் கையில் இருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தட்டை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை மேசையில் வைத்தான். உன் வலக்கையை எடுத்து அவன் கையில் வைத்து, இரண்டையும் என் இரு கையாலும் மூடி, எனக்கு வந்த ஆங்கிலத்தில், இன்றையிலிருந்து நீதான் இவளுக்குத் தகப்பன் என்று சொன்னேன்.

அவனுக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. நீ கையை இழுக்கப் பார்த்தாய், நான் விடவில்லை. அவன் சிரிக்கவில்லை, அதை மட்டும் நான் இன்றும் மறக்கவில்லை. நான் கையை எடுத்ததும் அவன் உன் கையைப் பிடித்தபடியே மெதுவாகக் குலுக்கி, என் பெயர் எரிக், உன்னைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றான். நான் பிடித்துக் கொடுத்ததை அவன் கைகுலுக்கலாக்கிவிட்டான். பிறகு பெட்டியிலிருந்து உன் அறைச் சாவியை எடுத்தான். நான் கையை நீட்டினேன். பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று நான்தானே பார்க்க வேண்டும். என் கையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாவியை உன்னிடமே கொடுத்தான். இவளுக்கு இவளே பொறுப்பு ஐயா, பல்ப் எரியாவிட்டால் நான் மாற்றித் தருவேன், காய்ச்சல் என்றால் டொக்டரிடம் கூட்டிப் போவேன், அழுதால் பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான் என் வேலை என்று விளக்கினான். நான் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைத் தட்டிப் பார்த்தேன், சுவர் நல்ல உறுதியா என்று.

பணியாரத் தட்டை என்ன செய்தான் என்று நினைவிருக்கிறதா? உன்னிடம் கேட்டுவிட்டு, பொது அறையில் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் வைத்தான். நாங்கள் கீழே போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் தட்டில் வாழைப்பழம் மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மாவுக்கு அதில் அரை மனம் மாறிவிட்டது. மிச்ச அரை மனம் சாப்பாட்டு மண்டபத்தில் மாறியது. எவ்வளவும் எடுக்கலாம், திரும்பத் திரும்ப எடுக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றதும், "இதைப் போய்ச் சோளக்காடு எண்டாங்களே" என்றாள். சோறு மட்டும் குழைந்திருந்தது என்று குறை சொன்னாள். நிலக்கீழ் அறையில் வரிசையாக நின்ற உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள், எந்த நேரமும் திறந்திருக்கிற கொம்பியூட்டர் அறை, யாரும் போய்த் தட்டலாம் என்று விட்டிருந்த பியானோக்கள், சாய்ந்து நித்திரை கொள்ளத்தக்க நாற்காலி போட்ட நூலகம் என்று நீ ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாய். நான் ஒவ்வொரு கதவிலும் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். நீ காட்டிய எதையும் அன்று நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் கார்ட் போட்டு நான் எடுத்தது உனக்கில்லை, எரிக்குக்கு. ஊரில் தகப்பன்மார் பாடசாலை அலுவலகத்துக்கு ட்ரங்க் கோல் போட்டு என்னிடம் கேட்பார்கள், நானும் பிள்ளையைப் பற்றி நல்லது கெட்டது சொல்வேன். இவனிடம் எப்படி இருக்கிறாள், படிக்கிறாளா, யாரோடு திரிகிறாள் என்று கேட்டால், இதோ கூப்பிடுகிறேன் ஐயா என்று உன் கதவைத் தட்டப் போய்விடுவான். நீ வந்து, "அப்பா, நான் நல்லா இருக்கிறன்" என்பாய். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்வதை எந்த வோடன் நம்புவான்?

இரண்டாம் வருடக் குளிரில் ஒரு நாள் எரிக் அகப்படவில்லை என்று உன் அறைக்கே எடுத்தேன். உன் அறைத்தோழி, நீ கல் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னாள். என்ன கல்? இரசாயனத்தை விட்டுவிட்டு நிலவியல் படிக்கிறாள், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள் அந்தப் பிள்ளை, பாவம். ஸ்காபரோவில் நான் சந்தித்த ஆட்களுக்கெல்லாம் மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். ரெலிபோனிலேயே எரிக்கைத் தேடிப் பிடித்தேன். உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றான். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். அதை அவளிடம் கேட்க வேண்டும் ஐயா என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் பக்கத்தில் இருந்திருந்தால் கடுக்கனைக் கழற்றியிருப்பேன். வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, அம்மா தடுக்கத் தடுக்க, தனியாகக் காரை எடுத்தேன். உன் பெட்டிகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு வருவதுதான் திட்டம். கயிறும் கொண்டுபோனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அறைக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதனூடாகப் பார்த்தேன். பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு ஒருவருமில்லை. எங்காவது மூலையில் இருப்பார் என்று மற்றப் பக்கக் கண்ணாடியாலும் பார்த்தேன். இல்லை. ஒரு பையன் எழும்பி வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் எழுதினான். எத்தனையோ வருடம் பரீட்சை மண்டபத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்க நடந்தவன் நான். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. குளிர்க் கோட்டோடு அந்தக் கதவடியில் நின்று நானே மேற்பார்வை செய்தேன். ஒருவராவது பக்கத்துத் தாளைப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளைகளின் சொல்லை நம்பி, மேற்பார்வைக்கு ஆள் வைக்காமல் விடுவதுதான் அங்கே வழக்கம் என்று பிறகு நீ சொன்னாய். கடைசியில் ஒரு பிள்ளை வெளியே வந்து, உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா, இருக்க நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தேன்.

பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் சூப்புக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நீ சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "அப்பா, உங்களுக்கு என்னைப் பற்றி அறிய வேணுமெண்டா எரிக்கிட்டைக் கேக்கிறியள். றூம்மேற்றிட்டைக் கேக்கிறியள். அம்மாட்டைக் கேக்கிறியள். ஒரு நாளாவது என்னட்டைக் கேட்டனீங்களே? நான் சொல்லாததுக்கு அதுதான் காரணம். கேளுங்கோ, சொல்லுறன்." அயல் மேசையில் இருந்தவர்கள் தமிழ் விளங்காமலே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல், கல்லில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்டேன். சூப் ஆறும்வரை சொன்னாய். இந்த ஊர் முழுக்க ஒரு காலத்தில் பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது, நாங்கள் இருக்கிற இடத்துக்கு மேலே பல கட்டடங்களை அடுக்கிய உயரத்துக்குப் பனி நின்றது என்று கையால் காட்டினாய். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றேன். "தெரியாது அப்பா" என்றாய். அதுவரைக்கும் நீ எனக்குச் சொன்ன மறுமொழிகளில் எனக்கு முழு நம்பிக்கை வந்த மறுமொழி அதுதான். கயிற்றைக் காரின் டிக்கியை விட்டு எடுக்காமலே திரும்பி வந்தேன். உனக்கு அந்தக் கயிறு பற்றித் தெரியாது.

இனி நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதியில் நான் ஏன் அப்படித் தலை எண்ணினேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊரில் நிலைமை கெட்ட காலம் அது. பிள்ளைகள் மதில் ஏறிக் குதித்து ஆயுத இயக்கங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். மதிலின் மேல் போத்தல் ஓடு பதித்தேன். வாசலில் நானே பாய் போட்டுப் படுத்தேன். ஒரு காலை எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. கட்டிலில் தலையணைக்கு மேல் போர்வை போர்த்திக் கிடந்தது. தீவுப் பக்கத்துப் பையன், கணக்கில் கெட்டிக்காரன். தகப்பனுக்கு அறிவித்தேன். அவர் வந்து என் அறை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "மாஸ்டர், உங்கட கையிலைதானே தந்தனான்" என்றார், அவ்வளவுதான். வெறுங்கையோடு வரக்கூடாது என்று அன்றும் வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. நான் அந்த வருடமே வேலையை விட்டேன், அடுத்த வருடம் உங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

என் நினைவில் அந்த மனிதர் இன்றைக்கும் அதே வாசலில்தான் நிற்கிறார். ஆனால் எரிக் ஏன் உன் கையை வாங்கவில்லை என்பது காரில் திரும்பி வரும்போது கொஞ்சம் விளங்கியது, முழுக்க விளங்குவதற்குப் போன கிழமை வரை எடுத்தது. அன்றைக்குப் பொறுப்பில்லாத பொடியன் என்று நினைத்தேன். அவன் செய்யக்கூடியதை மட்டும் சொன்னான்: பல்ப், காய்ச்சல், அழுகை. செய்ய முடியாததை வாங்கவில்லை. நான் ஒவ்வொரு தை மாதமும் வரிசையில் நின்ற எல்லாரிடமும் வாங்கினேன். ரமணன் நல்ல பிள்ளைதான். ஆனால் உன்னைக் கையில் வாங்கினான் என்பதற்காக, பிறகு ஒரு நாள் நான் அவன் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை அவனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

நீ சொன்ன அடுத்த நாளே ரெக்ஸ்டேலிலிருந்து ரமணனின் தாயார் ரெலிபோன் எடுத்தா. "அண்ணை, தாரை வார்க்காமல் நான் எப்பிடி உங்கட பிள்ளையை என்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது? ஆக்கள் என்ன கதைப்பினம்? நீங்களாவது அவவுக்குச் சொல்லக் கூடாதே?" என்று கேட்டா. நான், "அதை நீங்கள் அவவிட்டைத்தான் கேக்க வேணும்" என்று சொன்னேன். ரெலிபோனை வைத்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவ உனக்கு எடுத்திருப்பா. எடுக்காவிட்டால் நீ எடு. அவவுக்கும் ஒரு மகன்தான், அவவின் பயத்தையும் கேள். கலியாணத்துக்குப் பிறகு ரமணனைப் பற்றி ஏதும் அறிய வேண்டுமென்றால் தாயிடமும் கேட்காதே, அவன் சிநேகிதரிடமும் கேட்காதே, என்னிடமும் வராதே. சூப் ஆறினாலும் பரவாயில்லை, அவனிடமே கேள். எனக்கு வேறு புத்திமதி சொல்லத் தெரியாது.

ஐயரிடமும் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "மாஸ்டர், அந்த இடத்தைப் பாய்ஞ்சு போனா அடுத்த மந்திரம் எனக்கு நாக்கிலை வராது" என்றார். வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கோ, பழகிவிடும் என்றேன். விடுதி மாஸ்டரின் குரல் அந்த ஒரு இடத்தில் உதவியது. அம்மாவிடம் கடைசியாகச் சொன்னேன். செம்பைத் துலக்கி வைத்திருந்தாள், அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சொன்னது இது: "என்னை என்ர அப்பா தாரை வார்த்துத்தான் உங்களுக்குத் தந்தவர். அந்த ஈரம் காயிறதுக்குள்ளை மோர் புளிச்சுப் போச்செண்டு என்னோடை கத்தினனீங்கள். பிள்ளை கேக்கிறதிலை என்ன பிழை?" செம்பை மணவறையில் வைப்பாளாம். தாகம் எடுத்தவர்கள் குடிக்கட்டுமாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாரை இல்லை. நீயே நடந்து வந்து உன் இடத்தில் இரு. சம்மதமில்லாமல் சம்மதித்தேன் என்று நினைக்காதே. கவலை இருக்கிறது, அது போகாது, அதற்கும் சம்மதத்துக்கும் தொடர்பில்லை. இன்னும் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஐயர் அந்த இடத்துக்கு வந்ததும், பழக்கத்தில் சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். புது வேட்டியோடு நான் உன் பக்கத்தில் நிற்பேன். என் கை இரண்டும் சும்மா இருக்கும். தட்டிப் பார்க்க அங்கே சுவரும் இல்லை. அந்த நேரம் கைகளை நான் எங்கே வைக்கட்டும், பிள்ளை? அம்மாவிடம் கேட்கவில்லை, ஐயரிடம் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

அப்பா